எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய்



2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் மாலை, என்னிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர் அவர். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நள்ளிரவில் வந்திறங்குவோரைக் காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் தஞ்சைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். அன்று அவர் கையில் ஒரு வெற்று டப்பா இருந்தது. எஞ்சின் எண்ணெய் வாங்கிய டப்பா. அதனை என் முன் வைத்தார். "ஐயா, எனக்கு அறிவியல் பாடம் நடத்தியவர் நீங்கள்தாம். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார்.

மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு பார்த்தேன். 5டபிள்யூ-40 என்றிருந்தது. அதன்கீழ் ஏ3 என்றும் பி4 என்றும் இருந்தது. வேறு சில எழுத்துகளும் எண்களும் பொடியாக அச்சிடப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் என்னால் வாய்விட்டு வாசிக்க முடிந்தது. ஒன்றுக்கேனும் பொருள் கூற முடியவில்லை. டப்பாவை முன்னும் பின்னும் திருப்பினேன். முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பில் பாகுநிலை என்னும் பாடத்தை நடத்தியவன் நான். எண்ணெயின் பாகுநிலையைக் கூறும் எண்ணே அந்த டப்பாவில் எல்லாவற்றிலும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. "நாளைக்கு வா தம்பி, பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அந்த நாளை வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றதும் அதன்பின் கற்றதுமே இன்றைய பேச்சு.

அவருக்கு நேர்ந்தது இது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வங்கிக் கடன் பெற்று ஒரு டீசல் கார் வாங்கினார். மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டினார். எண்ணெய் மாற்றும் காலத்தில் தாமே கடைக்குச் சென்று, இருப்பதிலேயே விலை உயர்ந்த 'சிந்தெடிக்' எண்ணெயைக் கேட்டு வாங்கிவந்து ஊற்றச் செய்தார். இரண்டாண்டுகள் கடந்தபின் காரின் முகப்பில் ஒரு விளக்கு எரியத் தொடங்கிற்று, எஞ்சின் வலுவிழந்தது. பட்டறையில் சோதித்தவர்கள், புகைக்கரி வடிகட்டி சாம்பலால் அடைபட்டுவிட்டது என்றும், ஊற்றிய எண்ணெய் இந்தக் காருக்கு உரியதன்று என்றும் கூறினர். புதிய வடிகட்டிக்கு அவர்கள் கேட்ட தொகை அவருடைய ஐந்து மாதக் கடன் தவணைக்குச் சமம்.

"நான் கஞ்சத்தனம் செய்யவில்லையே, ஐயா! நல்ல எண்ணெயைத்தானே ஊற்றினேன்?" என்று அவர் கேட்டார்.

அக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், எஞ்சினில் எண்ணெய் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும். இரும்பு இரும்போடு உராயாமல் இருக்க எண்ணெய் விடுகிறோம் என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். மாட்டு வண்டியின் அச்சுக்கு, வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை இட்ட நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். ஆயினும் எண்ணெய் எவ்வாறு காக்கிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் போஷம் டவர் என்னும் பொறியியலறிஞர், இரயில் வண்டியின் அச்சுத் தாங்கிகளில் உராய்வு எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தார். சுழலும் அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்திருந்தது. மேலே தாங்கி அமர்ந்திருந்தது. அத்தாங்கியின் உச்சியில், எண்ணெய் விடுவதற்கென்று ஒரு துளை இட்டார். என்ன வியப்பு! விட்ட எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு மாறாக, உள்ளிருந்த எண்ணெய் துளை வழியே மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்துவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. பின்னர் அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். தாங்கியின் மேல் அவர் ஏற்றியிருந்த சுமை சதுர அங்குலத்துக்குச் சராசரி 100 பவுண்டு. மானியோ 200 பவுண்டையும் தாண்டிக் காட்டிற்று.

இதன் பொருள் யாது? சுழலும் அச்சே எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, ஒடுங்கிய இடைவெளிக்குள் ஆப்புப்போலச் செருகி, அதில் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அவ்வழுத்தம் சுமையைத் தூக்கி நிறுத்துகிறது. அச்சும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இடையே எண்ணெய்ப் படலத்தின் மேல் அச்சு மிதக்கிறது. 1886ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் அறிஞர் இதற்குக் கணித வடிவம் தந்தார். உங்கள் வீட்டுக் காரின் கிராங்க் தண்டு இன்றும் இவ்வாறுதான் மிதந்து சுழல்கிறது. அப்படலத்தின் தடிப்பு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு.

படலம் நிலைத்து நிற்க எண்ணெய்க்கு ஓரளவு தடிப்பு வேண்டும். தடிப்பு மிகுந்தால் அதனைத் தள்ளிச் சுழலவே எஞ்சினின் ஆற்றல் வீணாகும். ஒடுங்கிய வழிகளில் எண்ணெய் விரைந்து ஏறவும் ஏறாது. இத்தடிப்பையே பாகுநிலை என்கிறோம். வெல்லப்பாகு காய்ச்சும் அம்மையாரிடம் கேளுங்கள்: அடுப்பில் கொதிக்கும்போது நீர்போல் ஓடும் பாகு, இறக்கிவைத்துச் சற்று நேரம் கழிந்தால் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் அத்தகையதே. சூடேறினால் இளகும், ஆறினால் இறுகும். எஞ்சினுக்கு இதனால் பெருந்தொல்லை. விடியற்காலையில் முதன்முதல் முடுக்கும்போது எண்ணெய் தடித்திருக்கும். அரைமணி ஓடியபின் மெலிந்திருக்கும். இரு நிலைக்கும் ஒரே எண்ணெய் உதவ வேண்டும்.

ஆதலால்தான் டப்பாவின் மேல் இரண்டு எண்கள். அமெரிக்காவில் மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911ஆம் ஆண்டில் எண்ணெய்களைத் தடிப்பின்படி தரம் பிரிக்கும் முறையை ஏற்படுத்திற்று. அச்சங்கத்தின் பெயரெழுத்துகளே எஸ்.ஏ.இ. என்பவை. 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ என்னும் எழுத்து 'விண்டர்', அதாவது குளிர்காலத்தைக் குறிக்கும். மாணவர் சிலர் அதனை 'வாட்' என்றும், 'வெயிட்' என்றும் கருதுகின்றனர். நானும் அவ்வாறு கருதியவனே. டபிள்யூவுக்கு முன் நிற்கும் எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக இயங்கும் என்பதைக் காட்டும். எண் சிறிதாயின் குளிரில் இளக்கம் மிகுதி. 5டபிள்யூ எண்ணெயைச் சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸில் சோதிக்கிறார்கள். 20டபிள்யூ எண்ணெயைச் சுழியத்துக்குக் கீழே 15 டிகிரியில் சோதிக்கிறார்கள். பின் நிற்கும் எண், எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில், அதாவது 100 டிகிரியில், எண்ணெயின் தடிப்பைக் காட்டும். 30 என்னும் தரத்துக்கு அவ்வெப்பத்தில் பாகுநிலை 9.3 சென்டிஸ்டோக்குக்குக் குறையாமலும் 12.5ஐ எட்டாமலும் இருத்தல் வேண்டும். 40 என்னும் தரம் 12.5இல் தொடங்கி 16.3க்குள் முடியும். 30, 40 என்பவை வெப்ப அளவுகள் அல்ல. பள்ளியில் 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு என்பதுபோல் இட்ட பெயர்களே.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "உதகையில்கூட மிகக் கடுமையான குளிர்காலத்து விடியலில்தான் வெப்பநிலை சுழியத்தை நெருங்கும். இந்நாட்டில் 5டபிள்யூ எதற்கு? நம்முடையது வெப்ப நாடு, எண்ணெய் நன்றாகத் தடித்திருக்கட்டும், 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்" என்பார். இவ்வறிவுரையைக் கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கலாம். கேட்பதற்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. நானும் என் சிறிய பெட்ரோல் காருக்கு ஒருமுறை இதனைக் கேட்டு நடந்தேன். காலையில் முடுக்கியவுடன் எஞ்சின் முகப்பிலிருந்து சங்கிலி உரசுவதுபோல் ஓர் ஓசை சில விநாடிகள் கேட்கலாயிற்று. அதன் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

காரணத்தைக் கேளுங்கள். எஞ்சினுக்குள் இருக்கும் வெப்பம் வேலூர் வெயிலால் வருவதன்று. எரிபொருள் எரிவதால் வருவது. குளிர்நீரின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் என்னும் கதவு ஏறத்தாழ 90 டிகிரியில் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் இலண்டனில் ஓடினும் வேலூரில் ஓடினும் சூடேறியபின் எண்ணெய் பெரும்பாலும் 90க்கும் 110க்கும் இடையே நிற்கும். வெளிவெயில், மலையேற்றம், சுமை ஆகியவை அதனைச் சிறிது உயர்த்தும். கார் செய்வோர் அதனையும் எண்ணியே இந்நாட்டுக் கையேட்டை எழுதுகின்றனர். இனிக் காலைப் பொழுதைப் பாருங்கள். 5டபிள்யூ-30 எண்ணெய்கள் பலவற்றின் பாகுநிலை 40 டிகிரியில் 60, 70 சென்டிஸ்டோக் அளவில் இருக்கும். 20டபிள்யூ-50 எண்ணெய்க்கு அதே வெப்பத்தில் அது 150க்கு மேல் இருக்கும். சித்திரை மாதத்து விடியலில்கூட எஞ்சின் 30 டிகிரிக்குமேல் இருப்பதில்லை. எனவே, குளிரே இல்லை என்று நாம் நினைக்கும் ஊரிலும், முடுக்கும் நேரத்தில் எஞ்சினுக்குக் குளிர்காலமே. இன்றைய எஞ்சின்களில் வால்வுகளின் நேரத்தை மாற்றியமைப்பதும் சங்கிலியை இறுக்கிப் பிடிப்பதும் எண்ணெய் அழுத்தமே. வழிகள் ஒடுக்கமானவை. தடித்த எண்ணெய் அங்கே பிந்தி வந்து சேரும். என் காரில் கேட்ட ஓசை அந்தப் பிந்துதலின் ஓசைதான். கையேட்டில் கூறிய எண்ணெயை மீண்டும் ஊற்றியபின் அது நின்றுவிட்டது.

தடித்த எண்ணெய் எங்கும் தீது என்று இதனைக் கொண்டு முடிவு கட்டிவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை நம்மில் பலர் அறிவோம். அந்நாளைய எஞ்சினின் இடைவெளிகள் பெரியவை. அதில் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயை ஊற்றினால் அழுத்தம் குறையும். பழைய அடைப்பான்களின் வழியே கசியும். மறுதலையாக, லடாக்கின் லே நகரில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 10, 15 டிகிரி வரை இறங்கும். அங்கே முன் நிற்கும் எண் மிகமிக முதன்மை பெறும்.

இனி, 'சிந்தெடிக்' என்னும் சொல்லுக்கு வருவோம். செயற்கை எண்ணெய் என்று தமிழில் கூறலாம். மார்கழி மாதத்தில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைப் பார்த்திருப்பீர்கள், வெண்மையாக உறைந்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறைவதில்லை. மூலக்கூறுகளின் அமைப்பே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். நிலத்தடி எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பெறும் கனிம எண்ணெயில் பலவகை மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். உறையும் மெழுகு கொஞ்சம், விரைவில் ஆவியாகும் இலேசான பகுதி கொஞ்சம், வெப்பத்தில் கெட்டுப் பிசினாகும் பகுதி கொஞ்சம். செயற்கை எண்ணெயிலோ வேண்டிய மூலக்கூறுகளை வேண்டிய அளவில் கட்டி எழுப்புகிறார்கள். எடுத்துக்காட்டாக, எதிலீன் வாயுவிலிருந்து பத்துக் கரியணுக்கள் கொண்ட டெசீன் என்னும் பொருளை ஆக்கி, அதனை மூன்றும் நான்குமாக இணைத்தால் பாலி ஆல்பா ஒலிஃபின் என்னும் எண்ணெய் கிடைக்கும். ஏறத்தாழ ஒரே தன்மையான மூலக்கூறுகள், மெழுகு இல்லை. ஆதலின் குளிரில் எளிதாக ஓடும், சூட்டில் அளவுக்குமேல் மெலியாது, குறைவாக ஆவியாகும், நெடுநாள் கெடாது. செந்தணல்போல் சூடேறும் டர்போ சார்ஜர் பொருந்திய எஞ்சின்களில் இதன் உயர்வு மெய்யானது, அதில் ஐயமில்லை.

ஆனால், டப்பாவின் மேல் அச்சிட்ட அச்சொல் எல்லா நாட்டிலும் ஒரே பொருளைத் தருவதன்று. கனிம எண்ணெயையே ஹைட்ரஜனோடு கடும் அழுத்தத்தில் வினைப்படுத்தி, மூலக்கூறுகளை உடைத்துத் திருத்தி, மிகத் தூயதாக ஆக்கும் முறை ஒன்று உண்டு. அதனையும் செயற்கை எண்ணெய் எனலாமா என்னும் வழக்கு அமெரிக்காவில் இரு நிறுவனங்களுக்கிடையே எழுந்தது. 1999ஆம் ஆண்டில் விளம்பரங்களின் உண்மையை ஆராயும் அமைப்பு ஒன்று, எனலாம் என்று முடிவு கூறிற்று. செருமனியிலோ முழுச் செயற்கை என்னும் சொல்லை அவ்வகைக்கு வழங்க இடமில்லை. பாதிச் செயற்கை என்று விற்பதில் செயற்கைப் பகுதி எவ்வளவு என்று அப்பெயர் கூறுவதில்லை. இதனால் அவ்வெண்ணெய்கள் போலி என்பதன்று. பெயர் மட்டும் போதாது. உள்ளே உள்ள எண்ணெய் எந்தச் சோதனையில் தேறியது என்று பார்த்தல் வேண்டும். மாணவன் பள்ளியின் பெயரைச் சொன்னால் போதுமா? மதிப்பெண் பட்டியலையும் கேட்கிறோம் அல்லவா?

அம்மதிப்பெண் பட்டியல் டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமாகிய ஏ.பி.ஐ. இரண்டெழுத்துக் குறி ஒன்று தருகிறது. முதலெழுத்து எஸ் ஆயின் பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. சி ஆயின் டீசலுக்கு உரியது. பெட்ரோல் வரிசையில் அடுத்த எழுத்து ஏறஏறத் தரம் புதியது. எஸ்.ஏ. என்பது 1930க்கு முற்பட்ட எஞ்சின்களுக்கு உரிய தரம்; அதனை இன்றைய காரில் ஊற்றினால் எஞ்சினுக்குக் கேடு. எஸ்.பி. என்பது 2020இல் வந்தது, எஸ்.கியூ. 2025இல் வந்தது. பெட்ரோல் காருக்குக் கையேடு ஒரு தரத்தைக் கூறினால் அதற்குப் பிந்திய தரத்தையும் ஊற்றலாம். முந்திய தரம் ஆகாது. ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கம் ஏ.சி.இ.ஏ. என்னும் பெயரில் வேறொரு வரிசை வைத்திருக்கிறது. என் மாணவர் கொண்டுவந்த டப்பாவில் இருந்த ஏ3, பி4 என்பவை அவ்வரிசையைச் சேர்ந்தவை. அவருடைய காரின் கையேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் சி3 என்றிருந்தது.

இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு? சாம்பலே வேறுபாடு.

நம் நாட்டில் 2020 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து பி.எஸ். 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு இணங்க டீசல் கார்களின் புகைக்குழாயில் தேன்கூடு போன்ற ஒரு வடிகட்டி வைக்கின்றனர். அது புகைக்கரியைப் பிடித்து வைக்கும். நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது வடிகட்டி மிகுதியும் சூடாகி, பிடித்த கரி எரிந்து காற்றோடு போய்விடும். நம் விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது, அள்ளித்தான் போடவேண்டும். வடிகட்டிக்குள் சேரும் சாம்பலை அள்ள வழியில்லை. அந்தச் சாம்பல் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெயிலிருந்து வருவது. எஞ்சினைத் துப்புரவாக வைப்பதற்கும் அமிலத்தைத் தணிப்பதற்கும் கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் சேர்மங்களையும், தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மத்தையும் எண்ணெயில் கலக்கிறார்கள். எந்த எஞ்சினிலும் சிறிதளவு எண்ணெய் எரிந்தே தீரும்; அப்போது இவ்வுலோகங்கள் சாம்பலாக எஞ்சும். சி3 தரத்துக்குச் சாம்பல் 0.8 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. ஏ3/பி4 தரத்திலோ அது ஒன்றிலிருந்து 1.6 விழுக்காடு வரை இருக்கலாம். கரும்பலகையில் போடும் சிறு கணக்குத்தான்: ஒரு கிலோ எண்ணெய் எரிந்தால் ஒன்றில் 8 கிராமுக்கு மேல் சாம்பல் விழாது, மற்றொன்றில் 16 கிராம் வரை விழக்கூடும். இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியில் இது சிறு வேறுபாடன்று.

அவர் ஊற்றியது போலி எண்ணெயன்று. தாழ்ந்த எண்ணெயும் அன்று. வடிகட்டி இல்லாத எஞ்சினுக்கு அவ்வளவு உலோகச் சேர்மமும் நன்மையே செய்யும். அது வேறோர் எஞ்சினுக்காக ஆக்கப்பட்ட நல்ல எண்ணெய். அதனைவிட விலை குறைந்த சி3 எண்ணெய் அதே கடையில் இருந்திருக்கிறது. வேறு காரணமும் உண்டு என்பதை மறைக்கலாகாது: விமான நிலையத்தில் பயணிக்காகக் காத்திருக்கும் இரவுகளில் குளிர்சாதனத்துக்காக எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிட்டார், அதனால் கரி மிகுதியாகச் சேர்ந்திருக்கும். ஆயினும் கரியை எரித்துவிடலாம். சாம்பலை எரிக்க முடியாது.

நான் இவ்வளவையும் விளக்கி முடித்தபோது அவர் ஒன்று கூறினார். "ஐயா, ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் பாகுநிலை என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தது. நான் முழுமதிப்பெண் வாங்கினேன்." அவர் குறை கூறவில்லை; சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கண்ணாடிக் குழாயில் விளக்கெண்ணெயை நிரப்பி, இரும்புக் குண்டைப் போட்டு, அது மெல்ல இறங்குவதைக் காட்டி, இதுவே பாகுநிலை என்று ஆண்டுதோறும் கூறிவந்தேன். பள்ளி வாயிலுக்கு எதிரே இருந்த கடையிலிருந்து ஒரு டப்பாவை வாங்கிவந்து வகுப்பில் வைக்க ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

வடிகட்டியை மாற்றாமல் கழற்றித் துப்புரவு செய்யும் ஓரிடம் கிடைத்தது. அங்கே சூளையில் சுட்டுக் காற்றால் ஊதிச் சாம்பலை எடுத்தனர். புதியது வாங்கும் செலவு தப்பியது. எனினும் பதினொரு நாள் கார் நின்றுவிட்டது. பங்குனி மாதத்துத் திருமண ஓட்டம் கைநழுவிற்று. மகளின் பள்ளிக் கட்டணம் ஒரு பருவம் பிந்தியது.

ஆகவே, மாணவர்களே, வீட்டில் எண்ணெய் வாங்கும் நாள் வரும்போது முதலில் கடைக்குப் போகாதீர்கள். காரின் கையேட்டைத் திறந்து பாருங்கள். பலருடைய கையேடு உறை பிரியாமலே முன்பெட்டிக்குள் உறங்குகிறது. அதில் எண்ணெயைப் பற்றிய பக்கம் ஒன்றோ இரண்டோதான். எந்தத் தடிப்பு, எந்தத் தரம், உற்பத்தியாளரின் தனி ஒப்புதல் எண் ஏதேனும் உண்டா, எத்தனை லிட்டர் என்பவை அங்கே இருக்கும். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது மாற்றுக என்றிருக்கும். செயற்கை எண்ணெய் ஊற்றிவிட்டோம், இருபதாயிரம் ஓட்டலாம் என்று நாமே நீட்டிக்கொள்வது தவறு. கையேடு கனிம எண்ணெயே போதும் என்றால், இருமடங்கு மும்மடங்கு விலை கொடுப்பது உங்கள் விருப்பம், கடமையன்று.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சொல். காருக்கு வாங்கி மிஞ்சிய எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச்சுத் தகடுகள் எஞ்சின் எண்ணெயிலேயே தோய்ந்து கிடக்கின்றன. கார் எண்ணெய்களில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்திருப்பதால் தகடுகள் வழுக்கும். அதற்கென்றே ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்னும் ஜப்பானியத் தரக்குறி உண்டு. அதனைப் பார்த்து வாங்குங்கள்.

விரல்களுக்கிடையே தேய்த்து எண்ணெயின் தரம் கூறும் வித்தகர்கள் எங்கும் இருக்கின்றனர். அவர்களை வணங்கி விடைபெறுவது நலம். டீசல் காரில் எண்ணெய் சில நாளில் கறுத்துவிடும். கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது அதன் வேலை. நிறத்தைவிட அளவே பெரிது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சின் ஓய்ந்து சில நிமிடம் கழிந்தபின், அளவுக் கம்பியை உருவித் துடைத்து மீண்டும் இட்டுப் பாருங்கள். இரு குறிகளுக்கு இடையே இருத்தல் வேண்டும். மேற்குறியைத் தாண்டுவதும் கூடாது. ஓட்டும்போது எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பாக ஒதுங்கி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். டவர் கண்ட அந்தப் படலம் அப்போது அங்கே இல்லாதிருக்கலாம்.

வாங்கும்போது டப்பாவின் மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்று டப்பாவைத் துளையிட்டுப் பின்னர் எறியுங்கள். இல்லையேல் அதில் கழிவெண்ணெய் நிரம்பி மீண்டும் கடைக்கு வரக்கூடும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற வேண்டா. சேகரிக்க உரிமம் பெற்றோரிடம் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

என் மாணவருக்கு அன்று ஓர் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: தடிப்பு இன்னது, தரம் சி3, அளவு இத்தனை லிட்டர், அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டர் இன்னது. அதனை அவர் காரின் முன்மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்தார். அதைக் கண்டு விமான நிலையத்து ஓட்டுநர் மற்றவரும் தத்தம் கையேட்டோடு ஞாயிற்றுக்கிழமைகளில் என் திண்ணைக்கு வரலாயினர். இதுவரை பதினான்கு அட்டைகள் எழுதியிருக்கிறேன். அவற்றுள் முற்றும் ஒன்றுபோல் இருப்பவை மூன்றே. எங்கள் தெருவிலேயே அம்பாசடர் வைத்திருக்கும் முதியவர் ஒருவரும் வந்தார். அவருடைய வண்டிக்குக் கையேட்டின்படி 20டபிள்யூ-40 கனிம எண்ணெய் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாருக்கும் சிந்தெடிக் எழுதிக் கொடுத்துவிட்டுத் தமக்கு மட்டும் விலை குறைந்ததை எழுதிவிட்டேன் என்று அவருக்கு இன்றுவரை சிறு மனக்குறை உண்டு.